ஸ்பானியர் நாக்கில் தங்கிவிட்ட அரபு

அரேபியர் ஸ்பெயினை 800 வருடம் ஆண்டார்களே, அதன் தடம் இன்றைய ஸ்பானிஷ் மொழியிலும் அங்குள்ளவர்கள் வாழ்க்கையிலும் எவ்வளவு இருக்கிறது, ஸ்பானிஷ் பாதி அரபு என்கிறார்களே அது உண்மையா என்று கேட்டிருந்தீர்கள். பாதியெல்லாம் இல்லை. ஆனால் இருப்பது எங்கே இருக்கிறது என்று பார்த்தால், அளவைவிட அந்த இடங்கள்தான் ஆச்சரியப்படுத்தும்.

ஒரு ஸ்பானியரிடம் மின்னஞ்சல் முகவரி கேளுங்கள். நாம் ‘அட்’ என்று வாசிக்கும் அந்தச் சுழிக் குறியை அவர் ‘அர்ரோபா’ என்பார். அர்ரோபா ஒரு பழைய எடை, சுமார் பதினொன்றரை கிலோ. அரபியில் ‘அர்-ருப்உ’ என்றால் கால் பங்கு. கிந்தால் என்ற பெரிய எடையில் கால் என்று கணக்கு. அந்தக் காலத்து வியாபாரிகள் கணக்கேட்டில் இந்த எடைக்குப் போட்ட சுழிதான் இன்று கணினிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. கிந்தாலும் அரபுதான், ‘கிந்தார்’. நம் நெல் கொள்முதல் நிலையத்தில் சொல்கிற குவிண்டாலுக்கும் மூலம் அதுவே.

வரலாற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 711-ல் முஸ்லிம் படைத்தளபதி தாரிக் இப்னு ஸியாத் வட ஆப்பிரிக்காவிலிருந்து ஜலசந்தியைக் கடந்து ஸ்பெயினுக்கு வந்தார். அவர் இறங்கிய பாறை ‘ஜபல் தாரிக்’, தாரிக்கின் மலை, அதுதான் ஜிப்ரால்டர். 756-ல் முதலாம் அப்துர் ரஹ்மான் கோர்தோபாவில் உமையா வம்ச அரசை நிறுவினார். 929-ல் மூன்றாம் அப்துர் ரஹ்மான் தன்னைக் கலீஃபா என்று அறிவித்துக்கொண்டார். 1031-ல் அந்தக் கலீஃபா ஆட்சி உடைந்து சின்னச் சின்ன அரசுகளானது. வடக்கிலிருந்து கிறித்தவ அரசர்கள் தொலேதோவை 1085-லும், கோர்தோபாவை 1236-லும், வலென்சியாவை 1238-லும், செவில்லை 1248-லும் பிடித்தார்கள். மிச்சமிருந்த கிரானடா 1492 ஜனவரி 2-ம் தேதி கைமாறியது.

இந்த வருடங்களை ஒருமுறை கூட்டிக் கழித்துப் பாருங்கள். 781 வருடம் என்பது கிரானடா பகுதிக்கு மட்டும்தான் பொருந்தும். தொலேதோவுக்கு 374 வருடம். வடக்கே அஸ்தூரியாஸ் மலைப்பகுதியில் அரபு ஆட்சி நிலைக்கவே இல்லை. ‘அரேபியர்’ என்பதும் முழுச் சரியில்லை. தாரிக்கின் படையில் பெரும்பாலோர் வட ஆப்பிரிக்கப் பெர்பர்கள். அப்புறம் வந்த தலைமுறைகளில் முஸ்லிம்களில் பலர் மதம் மாறிய உள்ளூர்க்காரர்கள். வீட்டில் லத்தீன் வழிப் பேச்சு, கடைத்தெருவில் அரபு என்று இரண்டும் பேசியவர்கள் நிறைய. அரபு மொழிக்குள் ஸ்பானிஷும் ஸ்பானிஷுக்குள் அரபும் கலந்தது இவர்கள் வாயில்தான்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. நாம் இன்று ‘அரபுத் தாக்கம்’ என்று காட்டுகிறவற்றில் பெரும்பங்கு, அந்தந்த ஊரில் அரபு ஆட்சி முடிந்த பிறகு வேர்விட்டது. ஆண்டவர்கள் போய்விட்டார்கள், கொத்தனாரும் தோட்டக்காரரும் வாய்க்கால்காரரும் மொழிபெயர்ப்பாளரும் இருந்தார்கள். அவர்களுடைய சொற்கள்தான் தங்கின.

அரபு வழிச் சொற்களை எண்ணியவர்கள், வழிச்சொற்களும் இடப்பெயர்களும் சேர்த்து சுமார் 4000 என்பார்கள். அதில் பாதிக்கு மேல் இன்று புழக்கத்தில் இல்லாதவை. எண்ணிக்கையை விடுங்கள். ஒரு ஸ்பானிஷ் வீட்டுக்குள் நுழைந்து பார்க்கலாம். தலையணை ‘அல்மோஆதா’, அரபியில் ‘அல்-மிகத்தா’. மொட்டை மாடி ‘அசோத்தேயா’. வீட்டைக் கட்டிய கொத்தனார் ‘அல்பாஞில்’, அரபியில் ‘அல்-பன்னா’. சுவரில் ஓடு ‘அசுலேஹோ’, தரையில் விரிப்பு ‘அல்ஃபோம்ப்ரா’. தண்ணீர்த் தொட்டி ‘அல்பெர்க்கா’, மழைநீர் சேமிக்கும் நிலத்தடித் தொட்டி ‘அல்ஹீபே’. சமையலறை அலமாரி ‘அலசேனா’.

இந்த அலசேனாவிடம் கொஞ்சம் நிற்கலாம். அரபியில் ‘கிஸானா’ என்றால் பொருள் சேர்த்து வைக்கும் இடம். அதே சொல் பாரசீகம், உருது வழியாக நம்மிடம் ‘கஜானா’ என்று வந்தது. நமக்கு அது அரசாங்கத்தின் பணப்பெட்டி. ஸ்பானியருக்கு அது உப்பும் மிளகும் வைக்கும் அலமாரி. தமிழில் புழங்கும் அரபு மூலச் சொற்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: வசூல், பாக்கி, ரத்து, ஜில்லா, தாலுகா, அசல், நகல், வக்கீல், அமீனா. முக்கால்வாசி கச்சேரியிலும் கணக்குப் பிள்ளையின் மேசையிலும் புழங்குபவை. நவாபு கால நிர்வாகம் வழியாகக் காகிதத்தோடு வந்த சொற்கள். ஸ்பெயினில் காகிதத்தோடும் வந்தது, ஆனால் அதோடு நிற்காமல் தலையணை வரைக்கும் போய்விட்டது. ஆண்டவன் மொழிக்கும் பக்கத்து வீட்டுக்காரன் மொழிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று நினைக்கிறேன்.

நிர்வாகச் சொற்களும் இல்லாமல் இல்லை. நகர மேயர் ‘அல்கால்தே’. மூலம் ‘அல்-காதி’, நீதிபதி. நம் ஊர்ப் பள்ளிவாசல் காஜியும் ஸ்பெயின் மேயரும் சொல்லளவில் அண்ணன் தம்பி. சுங்க அலுவலகம் ‘அதுவானா’. அது நம் ‘திவான்’ வந்த அதே சொல். ‘அல்-வஸீர்’, அதாவது மந்திரி, ஸ்பானிஷில் ‘அல்குவசில்’ ஆகிப் படிப்படியாக இறங்கி, நீதிமன்றத்தில் சம்மன் கொண்டுபோகும் சேவகனாகிவிட்டார். மந்திரி அமீனாவான கதை! ‘மிஸ்கீன்’ என்றால் ஏழை. தமிழ் முஸ்லிம் வீடுகளில் இன்றும் அந்தப் பொருளில்தான் சொல்வார்கள். ஸ்பானிஷில் ‘மெஸ்கீனோ’ என்றால் கஞ்சன், அற்பன். சொல்லுக்கும் தலையெழுத்து என்று ஒன்று இருக்கிறது போலும்.

இந்தச் சொற்களில் பாதிக்கு மேல் ‘அ’ அல்லது ‘அல்’ என்று தொடங்குவதைக் கவனித்திருப்பீர்கள். ‘அல்’ என்பது அரபியில் சுட்டு முன்னொட்டு. பின்னால் வரும் எழுத்து ஸ, ர, த போன்றதாக இருந்தால் ல் அதுவாகவே மாறிவிடும். நமக்குக் கல் + சிலை கற்சிலை ஆவது போல, அல் + சுக்கர் ‘அஸ்ஸுக்கர்’. அதிலிருந்து ‘அசுகார்’, சர்க்கரை. இத்தாலியரும் அரேபியரிடமிருந்துதான் இந்தப் பண்டங்களை வாங்கினார்கள். ஆனால் அவர்களுக்குச் சர்க்கரை ‘சூக்கெரோ’, பஞ்சு ‘கொத்தோனே’, சுங்கம் ‘தொகானா’, முன்னொட்டு இல்லை. ஸ்பானிஷில் ‘அசுகார்’, ‘அல்கொதோன்’, ‘அதுவானா’. முன்னொட்டோடு சேர்த்து விழுங்கப்பட்டவை. வந்த பெர்பர்களே அரபியைக் காதால் கற்றவர்கள், ‘அல்’ தனிச் சொல் என்ற உணர்வு அவர்களுக்கு இல்லை, அப்படியே உள்ளூர்க்காரர்களிடம் கடத்திவிட்டார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது.

ஆலிவ் மரத்தைப் பாருங்கள். மரத்தின் பெயர் ‘ஒலிவோ’, சுத்த லத்தீன். காய் ‘அசெய்த்தூனா’, எண்ணெய் ‘அசெய்த்தே’, இரண்டும் அரபு. ரோமானியர் காலத்திலிருந்தே அங்கே ஆலிவ் எண்ணெய் ஆட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அரேபியர் கொண்டுவந்த பொருள் இல்லை. ஆனாலும் சந்தையில் காயையும் எண்ணெயையும் விற்றது எந்த மொழியிலோ அந்த மொழியின் பெயர் ஒட்டிக்கொண்டது. புதுப் பொருளுக்குப் புதுப் பெயர் வருவது எங்கும் நடப்பதுதான். இருக்கிற பொருளின் பழைய பெயரையே தூக்கிவிட்டு இன்னொரு மொழி உட்காருவதுதான் ஆழமான செல்வாக்கு.

சாப்பாட்டு விஷயத்தில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஆரஞ்சு ஸ்பானிஷில் ‘நராங்ஹா’. அரபியில் நாரஞ்ச், பாரசீகத்தில் நாரங்க், சமஸ்கிருதத்தில் நாரங்க. அதற்கும் பின்னால் திராவிட மூலம் என்பது மொழியியலில் பரவலாக ஏற்கப்பட்டது. நம் நாரத்தையும் மலையாளத்து நாரங்ஙாவும் அந்தக் குடும்பம். (அரேபியர் கொண்டுபோனது கிச்சிலி போன்ற புளிப்பு, கசப்பு ரகம்; இனிப்பு ஆரஞ்சு பல நூற்றாண்டு கழித்துத்தான் அங்கே போனது. செவில் தெருக்களில் நிற்பது இன்றும் அந்தக் கசப்பு ரகமே. அதன் பூவுக்கு ‘அசஆர்’ என்று பெயர்; அரபியில் பூ என்று மட்டும்தான் பொருள்.) கத்தரிக்காய் ‘பெரென்ஹேனா’, அரபியில் ‘பாதிஞ்சான்’. அதைப் பின்னோக்கித் தேடிக்கொண்டு போனால் பழந்தமிழின் ‘வழுதுணை’ இருக்கும் இடத்துக்கு வந்து சேரலாம். தர்ப்பூசணி ‘சந்தீயா’, சிந்து நாட்டுப் பழம் என்று பொருள். ‘அர்ரோஸ்’, அரிசி, விஷயத்தில் மட்டும் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும். தமிழ் அரிசிதான் கிரேக்கத்துக்குப் போய் ‘ஒரைசா’ ஆனது என்று நம்மில் பலர் மேடையில் சொல்வோம். மொழியியலாளர் பலர் அதை ஏற்பதில்லை. இருக்கிற பெருமையே போதும், இல்லாததற்கு ஏன் போக வேண்டும்?

சதுரங்கம் ‘அஹெத்ரெஸ்’ ஆனதும் அரபு வழியேதான். அதில் மூலைவிட்டமாக நகரும் காய் ‘அல்ஃபில்’. அரபியில் ‘அல்-ஃபீல்’ என்றால் யானை. ஆங்கிலேயர் அந்தக் காயைப் பாதிரியார் ஆக்கிவிட்டார்கள். ஸ்பானியர் தினமும் யானை என்றே சொல்லி ஆடுகிறார்கள், யானை என்று தெரியாமலே.

இனி ‘ஒஹலா’. ‘நடக்கணும்’, ‘நடந்தால் நன்றாயிருக்கும்’ என்று ஆசைப்படும்போது சொல்லும் சொல். ‘லவ் ஷா அல்லாஹ்’, இறைவன் நாடினால், என்பதன் தேய்ந்த வடிவம். மழை பெய்யணும் என்றாலும் ஒஹலா, தன் கால்பந்து அணி ஜெயிக்கணும் என்றாலும் ஒஹலா. தேவாலயத்துக்குப் போகும் பாட்டியும் சொல்வார், கடவுளே இல்லை என்கிற பேரனும் சொல்வான். ‘வரை’ என்ற பொருளில் வரும் ‘ஆஸ்தா’வும் (ஆஸ்தா லா விஸ்தா என்பதில் வருவது) அரபு ‘ஹத்தா’தான். பெயர் சொல்லாமல் ‘இன்னார்’ என்று குறிக்கும் ‘ஃபுலானோ’ இன்னொன்று. இப்படி இடைச்சொல் வரைக்கும் கடன் வாங்குவது சாதாரணமாக நடக்காது.

சரி, எது அரபு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த விஷயத்தில் கட்டுக்கதைகள் அதிகம். ‘நீங்கள்’ என்று மரியாதையாக விளிக்கும் ‘உஸ்தேத்’, அரபு ‘உஸ்தாத்’ இல்லை. ‘வுயெஸ்த்ரா மெர்செத்’, தங்கள் கருணை, என்ற ஸ்பானிஷ் தொடர் தேய்ந்து உருவானது. காளைச் சண்டையில் கத்தும் ‘ஓலே’ அல்லாஹ் என்பதிலிருந்து வந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. தொண்டையிலிருந்து வரும் அந்தக் கரகரப்பான ‘ஹ’ ஒலி அரபு எச்சம் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அது 16, 17-ம் நூற்றாண்டுகளில் ஸ்பானிஷுக்குள் தானாக நடந்த ஒலி மாற்றம். அப்போது அரபு அங்கிருந்து துரத்தப்பட்டுக்கொண்டிருந்த காலம். இலக்கணத்தின் எலும்புக்கூடு முழுக்க லத்தீன். வினைச்சொற்களில் அரபு மிகக் குறைவு. பெயர்ச்சொல்லில்தான் குவிந்து கிடக்கிறது.

மண்ணோடு ஒட்டிய சொற்கள் இன்னும் கெட்டி. ‘குவாதல்கிவீர்’ ஆறு ‘வாதி அல்-கபீர்’, பெரிய ஆறு. ‘அல்காந்தரா’ பாலம், ‘அல்காலா’ கோட்டை, ‘அல்புஃபேரா’ ஏரி. எனக்குப் பிடித்தது சரகோஸா. ரோமானியர் வைத்த பெயர் சீசர் அகஸ்டஸின் பெயரால் ‘கேசரௌகுஸ்தா’. அரபு வாயில் அது ‘சரகுஸ்தா’ ஆனது, அங்கிருந்து சரகோஸா. ஒரு ரோமச் சக்கரவர்த்தி அரபு வழியாக வந்து ஸ்பானியர் ஆகியிருக்கிறார்.

தண்ணீருக்கு வருவோம், ஏனென்றால் ஆட்சி போன பிறகும் ஏற்பாடு தங்கியது என்று சொன்னதற்குச் சாட்சி அங்கேதான் உயிரோடு இருக்கிறது. ‘அசேக்கியா’ வாய்க்கால், ‘அசூத்’ அணைக்கட்டு, ‘நோரியா’ நீரிறைக்கும் சக்கரம், எல்லாமே அரபு. ரோமானியர் காலத்திலும் வாய்க்கால் இருந்தது. ஆனால் கரும்பு, நெல், பருத்தி போன்ற கோடைத் தண்ணீர் கேட்கும் பயிர்கள் வந்த பிறகு வாய்க்கால் வலையும் முறைவைத்துப் பாய்ச்சும் ஏற்பாடும் பெருகின. வலென்சியாவைப் பிடித்த ஹய்மே மன்னர் அடுத்த வருடமே, 1239-ல், வாய்க்கால்களைக் குடிகளுக்குக் கொடுத்தார். சாரசனியர் (முஸ்லிம்கள்) காலத்தில் எப்படிப் பாய்ந்ததோ அப்படியே பாயட்டும் என்பது நிபந்தனை. ஊரை வென்றவருக்கு மடைக் கணக்கில் கைவைக்கத் துணிவில்லை.

இன்றும் வலென்சியாவில் வியாழக்கிழமை தோறும் பகல் 12 மணிக்குப் பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலுக்குப் போனால் அந்த வாய்க்கால் வழக்குகளைத் தீர்க்கும் தண்ணீர் நீதிமன்றத்தைப் பார்க்கலாம். இரும்புக் கம்பி வேலிக்குள் வட்டமாக நாற்காலிகள். தூரியா ஆற்றிலிருந்து பிரியும் எட்டு வாய்க்கால்களின் பிரதிநிதிகள், எல்லோரும் விவசாயிகள், கறுப்பு அங்கி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். மணிக்கூண்டு 12 அடித்ததும் ஓர் அல்குவசில் (மேலே சொன்ன அதே பழைய மந்திரிதான்) ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் கூப்பிட்டு, புகாருக்கு ஆளானவர் உண்டா என்று கேட்பார். வழக்கு இருந்தால் அங்கேயே, நின்றபடியே, வலென்சிய மொழியில் வாய்மொழியாக நடக்கும். வக்கீல் கிடையாது. புகார் எந்தக் கரை வாய்க்காலோ, அந்தக் கரைக்காரர்கள் தீர்ப்பில் சேரமாட்டார்கள், எதிர்க்கரைக்காரர்கள் சொல்வார்கள். முறை மீறிப் பாய்ச்சியது, மடையை உடைத்தது, வாய்க்காலைத் தூர்வாராதது போன்ற சண்டைகள்தான். மேல்முறையீடு இல்லை. பல வியாழன்களில் வழக்கே இருக்காது. எட்டுப் பெயரும் கூப்பிட்டு, பதில் இல்லாமல், சில நிமிடத்தில் கலைந்துவிடும். பார்க்க வந்த சுற்றுலாப் பயணிகள் இவ்வளவுதானா என்று முழிப்பார்கள். அந்த இடத்தில் முன்பு மசூதி இருந்தது. வெள்ளிக்கு முந்தைய நாளாகப் பார்த்து வியாழனை வைத்தார்கள் என்பது ஊர் வழக்கு. 2009-ல் யுனெஸ்கோ இதையும் மூர்சியாவில் உள்ள இதே மாதிரி மன்றத்தையும் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ‘அசேக்கியா’ என்ற சொல்லும் ஏற்பாடும் கப்பலேறி அமெரிக்கா போயின. நியூ மெக்சிகோ விவசாயிகள் இன்றும் தங்கள் வாய்க்கால் சங்கத்தை அசேக்கியா என்றே சொல்கிறார்கள்.

அறிவுத்துறையிலும் அதே கதை. தொலேதோ 1085-ல் கைமாறிய பிறகு 12-ம் நூற்றாண்டில்தான் அங்கே மொழிபெயர்ப்பு சூடுபிடித்தது. இத்தாலியிலிருந்து வந்த கிரெமோனாவின் ஜெரார்ட் 1187-ல் இறப்பதற்குள் 70-க்கும் மேற்பட்ட நூல்களை அரபியிலிருந்து லத்தீனுக்குக் கொண்டுவந்தார். பல சமயம் ஒருவர் அரபியைப் பார்த்து உள்ளூர்ப் பேச்சில் வாய்விட்டுச் சொல்வார். மற்றவர் அதைக் கேட்டு லத்தீனில் எழுதுவார். 13-ம் நூற்றாண்டில் மன்னர் பத்தாம் அல்ஃபோன்சோ வந்து, நடுவில் வரும் அந்த உள்ளூர்ப் பேச்சையே எழுதி வைக்கச் சொன்னார். காஸ்திலிய, அதாவது ஸ்பானிஷ், உரைநடை எழுந்து நின்றது அங்கேதான். அவர் இளவரசராக இருந்தபோது 1251-ல் மொழிபெயர்க்கச் சொன்ன ‘கலீலா எ திம்னா’ நம் பஞ்சதந்திரம். ஒரு மொழி கதை சொல்லவும் வானியல் பேசவும் கற்றுக்கொண்டது அரபியை எதிரே வைத்துக்கொண்டு. கடன் சொற்களைவிட இது பெரிய கடன் என்பது என் கருத்து.

கட்டடங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். கோர்தோபா மசூதியும் அல்ஹம்ப்ராவும் எல்லாருக்கும் தெரியும். நான் செவில் அல்காசார் அரண்மனையைக் காட்டுவேன். அதன் முகப்பு 1364-ல் கட்டியது. கட்டியவர் கிறித்தவ மன்னர் பேத்ரோ. ஊர் முஸ்லிம்களிடமிருந்து போய் நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. முகப்பில் காஸ்திலிய மொழியில் மன்னரின் கல்வெட்டு. அதற்கு நடுவில் நீல ஓடுகளில் கூஃபி என்ற அரபு எழுத்து வகையில் ‘அல்லாஹ்வைத் தவிர வெல்பவர் இல்லை’ என்று திரும்பத் திரும்ப. அது கிரானடா சுல்தான்களின் வாசகம். உள்ளே அரபுப் பூவேலைக்கு நடுவே ‘சுல்தான் தோன் பித்ரூ’ என்று பேத்ரோவையே புகழ்ந்திருக்கும். பேத்ரோவின் முதல் ஒலிக்கு (p) அரபியில் எழுத்து இல்லாததால், b போட்டுப் பித்ரூ! பக்கத்துப் பேராலயத்தில், செவில்லைப் பிடித்த மூன்றாம் ஃபெர்னாந்தோவின் கல்லறை வாசகம் லத்தீன், காஸ்திலியம், அரபு, ஹீப்ரு என்று நான்கு மொழியில் இருக்கிறது. பேராலயத்தின் மணிக்கூண்டு ஹிரால்தா 1198-ல் முடிந்த மசூதி மினார்; உச்சியில் மணிகள் உள்ள பகுதி மட்டும் பிற்பாடு ஏற்றியது.

இதை வைத்து மூன்று மதமும் கொஞ்சிக் குலாவின என்று முடித்துவிட வேண்டாம். கிரானடா விழுந்து பத்து வருடத்துக்குள் அரபுப் புத்தகங்கள் அங்கே சதுக்கத்தில் எரிந்தன. எரிக்கச் சொன்ன பேராயர் ஸிஸ்னேரோஸ் மருத்துவ நூல்களை மட்டும் விட்டுவைத்துத் தன் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். அந்தப் பல்கலைக்கழகம் இருந்த ஊர் அல்காலா. 1502-ல் காஸ்திலிய முஸ்லிம்களுக்கு மதம் மாறு, இல்லை வெளியேறு என்று ஆணை. மாறியவர்கள் மொரிஸ்கோக்கள். 1567-ல் அரபு பேசக் கூடாது, எழுதக் கூடாது, அந்த உடை கூடாது, பொதுக் குளியலறை கூடாது என்றார்கள். மால்டாவில் கிறித்தவர்களே அரபு பேசுகிறார்களே, மொழிக்கும் மதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நூஞெஸ் முலேய் என்ற முதிய மொரிஸ்கோப் பெரியவர் மனு எழுதிப் பார்த்தார். கேட்கவில்லை. கலகம் வெடித்தது, ஒடுக்கினார்கள். 1609-லிருந்து 1614-க்குள் சுமார் 3 லட்சம் பேரை நாட்டைவிட்டே ஏற்றி அனுப்பினார்கள்.

அப்போதே சொற்களையும் துரத்த ஆரம்பித்தாயிற்று. தையல்காரர் ‘அல்ஃபயாத்தே’யாக இருந்தவர் ‘சாஸ்த்ரே’ ஆனார், மாட்டு வைத்தியர் ‘அல்பேய்த்தார்’ ‘வெத்தெரினாரியோ’ ஆனார். நாகரிகமாகப் பேச நினைத்தவர்கள் லத்தீன் சொல்லைத் தேடிப் போனார்கள். சாப்பாட்டுத் தட்டிலும் இது தெரிந்தது. பன்றி இறைச்சியைத் தொடாதவர் வீட்டில் இன்னும் பழைய மதம் இருக்கிறது என்று மத விசாரணைக்காரர்கள் சந்தேகப்பட்டதால், எல்லோர் கண்ணிலும் படும்படி பன்றி தின்பது ஒரு பாதுகாப்பு. ஸ்பெயினின் பன்றித்தொடை மோகத்தில் இந்தப் பயத்துக்கும் பங்குண்டு. அதையும் அரபு ஆட்சியின் விளைவு என்றே கணக்கு வைக்க வேண்டும்.

1884-ல் சரகோஸா பக்கம் அல்மொனாசித் தெ லா சியெர்ரா என்ற சிற்றூரில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, பொய்த்தளத்துக்கு அடியிலிருந்து கட்டுக் கட்டாகக் கையெழுத்துப் பிரதிகள் கிடைத்தன. எழுத்து அரபு, வாசித்தால் மொழி ஸ்பானிஷ். அரபு பேச மறந்துபோன மொரிஸ்கோக்கள், தொழுகை முறையையும் நபிகள் கதைகளையும் தங்களுக்குத் தெரிந்த ஸ்பானிஷிலேயே எழுதி, எழுத்தை மட்டும் விடாமல் பிடித்திருந்தார்கள். இதற்கு ‘அல்ஹமியாதோ’ என்று பெயர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அரபுத்தமிழ் ஏடுகளைப் பார்த்தவர்களுக்கு இது விளக்கமில்லாமல் புரியும். நம் ஊரில் அதை யாரும் தளத்துக்கு அடியில் ஒளிக்க வேண்டியிருக்கவில்லை.

இந்தப் பின்னணியில் செர்வாண்டெஸின் ‘தோன் கிஹோத்தே’ (டான் குயிக்ஸாட்) நாவலை எடுத்தால் சிரிப்பு வேறு மாதிரி வரும். 1605-ல் வந்த முதல் பாகத்தில், கதை பாதியில் நின்றுபோகிறது. கதைசொல்லி தொலேதோ கடைத்தெருவில் ஒரு பையனிடம் பழைய தாள்களை வாங்குகிறார்; அரபியில் இருக்கிறது. படித்துச் சொல்ல ஒரு மொரிஸ்கோவைப் பிடிக்கிறார். அவன் ஓரத்தில் எழுதியதைப் படித்துச் சிரிக்கிறான்: இந்தத் துல்சினேயா (கிஹோத்தே மனசில் வைத்துக் கொண்டாடும் சீமாட்டி), பன்றிக்கறிக்கு உப்புப் போடுவதில் லா மாஞ்சாவிலேயே கைதேர்ந்தவளாம். மொழிபெயர்ப்புக்குக் கூலி இரண்டு அர்ரோபா உலர்திராட்சை, இரண்டு ஃபனேகா கோதுமை. இரண்டு அளவையும் அரபு. மூல ஆசிரியர் என்று கதை காட்டும் கற்பனை அரபியின் பெயர் சீதே ஹமேத்தே பெனென்ஹேலி. 1615-ல் வந்த இரண்டாம் பாகத்தில் கிஹோத்தேயின் பணியாள் சான்சோ அந்தப் பெயரை ‘பெரென்ஹேனா’, கத்தரிக்காய், என்று சொல்கிறான். அதே பாகத்தில் கிஹோத்தே, ‘அல்’ என்று தொடங்கும் சொற்களெல்லாம் அரபு என்று அவனுக்குப் பாடம் எடுக்கிறார். பட்டியலில் ‘அல்மொர்சார்’, மதிய உணவு சாப்பிடுவது, என்பதையும் சேர்க்கிறார்; அது லத்தீன். வாத்தியாருக்கே சறுக்கிய இடம்.

இந்தக் கடனை எவ்வளவு பெரிதாகச் சொல்வது என்பதில் ஸ்பானியருக்குள்ளேயே தீராத சண்டை. உள்நாட்டுப் போருக்குப் பின் நாடு கடந்து வாழ்ந்த அறிஞர்கள் இருவர் அதை நடத்தினார்கள். அமெரிக்கோ காஸ்த்ரோ, மூன்று மதத்தாரும் சேர்ந்து வாழ்ந்ததில்தான் ஸ்பானியன் என்ற ஆளே பிறந்தான் என்றார். சான்செஸ் அல்போர்னோஸ், அவன் அதற்கு முன்பே இருந்தான், அரபு மேற்பூச்சு என்றார். மொழியை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்வதென்றால், எலும்பில் அல்போர்னோஸ் சொன்னது சரி, கையில் காஸ்த்ரோ சொன்னது சரி. ஃப்ளமென்கோ என்ற ஸ்பானிஷ் பாட்டையும் ஆட்டத்தையும் அரபு இசை என்பவர்களோடு மட்டும் நான் சேரமாட்டேன். அதில் ஜிப்சிகளின் பங்கு முன்னால் நிற்கிறது, மற்றது பெரும்பாலும் ஊகம்.

கடைசியாக நீங்கள் கேட்காத ஒன்று. ஐபீரிய (ஸ்பெயின், போர்ச்சுகல் இருக்கும் தீபகற்பத்தின்) அரபு போர்ச்சுகீசியத்துக்குள்ளும் அதே மாதிரி புகுந்தது. அறிவிப்பு என்ற பொருள் கொண்ட ஓர் அரபுச் சொல் அங்கே ‘லெய்லாம்’ ஆகி, பலர் முன்னிலையில் கூவி விற்பதைக் குறித்தது. கப்பலில் வந்த போர்ச்சுகீசியர் அதை நம் கடற்கரையில் இறக்கினார்கள். முதல் எழுத்து உதிர்ந்து இன்று மீன் கரைக்கு வந்ததும் நம் துறைமுகங்களில் நடக்கிறதே, அந்த ஏலம் அதுதான்.